பிள்ளை மனமும் பெற்றோர் செவியும்



ஆலய வரலாறு பற்றியும் வழிபாட்டு முறைகள் பற்றியும் இம்மலரில் எழுதுவது வழக்கம். இம்முறை நம் வீட்டில் வளர்ந்துவரும் பிள்ளைகளைப் பற்றி எழுத விரும்புகின்றேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்கள். பாடப் புத்தகம் இவர்களைக் கட்டிளமைப் பருவத்தினர் என்று கூறும். நாம் "வளர்ந்த பிள்ளை" என்போம். வேலை சொல்லும்போது மட்டும் வளர்ந்த பிள்ளை; அபிப்பிராயம் சொன்னால் "சின்னப் பிள்ளை, வாயை மூடு" என்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அவர்கள் படும் மன அழுத்தத்தைப் பற்றித்தான் எழுதுகின்றேன்.

கோவில் மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அம்பாள் சந்நிதியில் வெள்ளிக்கிழமை மாலையில் நின்று பாருங்கள். ஒரு தாய் கண்களை மூடி, உதடு அசைய, தன் மனக்குறையை எல்லாம் கொட்டித் தீர்ப்பாள். கடன், நோய், குடிகார வீட்டுக்காரர், மகளின் கலியாணம் என்று ஒன்றும் பாக்கி இருக்காது. அம்பாள் இடையில் பேசுவதில்லை. "நீ செய்தது பிழை" என்று சொல்வதில்லை. "பக்கத்து லயத்துக்காரியைப் பார்" என்று காட்டுவதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கின்றாள். அந்தத் தாய் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வரும்போது, கடன் அப்படியே இருக்கும். ஆனால் மனதின் பாரம் பாதி இறங்கியிருக்கும்.

பெரியவர்களாகிய நமக்கு இப்படி ஓர் இடம் இருக்கின்றது. நம் பிள்ளைக்கு, நம் வீட்டுக்குள், அப்படி ஓர் இடம் இருக்கின்றதா? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

இந்தப் பருவத்தில் நடப்பது என்ன?

இப்பருவத்தில் உடம்பு வளர்வது நம் கண்ணுக்குத் தெரிகின்றது. உள்ளே மூளையும் வளர்ந்துகொண்டிருப்பது தெரிவதில்லை. கோபம், பயம், ஆசை, வெட்கம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதி இந்த வயதில் மிகவும் வேகமாக வேலை செய்கின்றது. "பொறு, யோசி" என்று தடுத்து நிறுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கின்றது. அது முழு வளர்ச்சி அடைவதற்கு இருபது வயது தாண்டி மேலும் சில வருடங்கள் செல்லும் என்று வைத்தியர்கள் கூறுகின்றார்கள். மலைப்பாதையில் வேகமாக இறங்கும் வாகனத்துக்குப் பிரேக் இன்னும் முழுமையாகப் பொருத்தப்படவில்லை என்பது போன்ற நிலை இது. சின்னச் சொல்லுக்குக் கதவை அடித்துச் சாத்துவதும், காரணமின்றி அழுவதும் எல்லாம் திமிர் அல்ல. பெரும்பகுதி வளர்ச்சியின் கோலமே.

நித்திரையும் அப்படித்தான். இவ்வயதில் உடம்பின் கடிகாரம் சற்றுப் பின்தள்ளிப் போகின்றது. இரவு நித்திரை வருவதற்குத் தாமதமாகும். காலையில் எழும்புவது கஷ்டமாக இருக்கும். எட்டு முதல் பத்து மணித்தியாலம் வரை நித்திரை தேவைப்படும் வயது இது. பெரட்டுக்குப் போகும் தாய் விடியற்காலை எழும்பும்போது பிள்ளையும் எழும்ப வேண்டியிருக்கின்றது. இரவில் கைத்தொலைபேசியும் நித்திரையைத் தின்றுவிடுகின்றது. நித்திரை இல்லாத பிள்ளைக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அழுத்தம் என்பது முற்றாகக் கெட்டதல்ல. நமது திருவிழாவில் தப்பு அடிப்பவர்கள் முதலில் அதை நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சாத தப்பில் சத்தம் எழாது. அளவாகக் காய்ந்தால் நாதம் எழும். அளவுக்கு மிஞ்சி நெருப்பில் பிடித்தால் தோல் வெடித்துவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சிறிது பயம் இருக்கத்தான் வேண்டும். அந்தப் பயம் நித்திரையையும் பசியையும் சிரிப்பையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், நெருப்பு அளவு மீறிவிட்டது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும். தப்பைக் காய்ச்சுபவன் அடிக்கடி தட்டிப் பார்ப்பான். நாம் பிள்ளையைத் தட்டிக் கேட்டுப் பார்க்கின்றோமா?

நம் பிள்ளைகள் சுமக்கும் பாரம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு, மற்ற இடத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் பாரத்தோடு இன்னும் சில பாரங்கள் சேர்ந்திருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில் ஐந்தாறு பேர் இருக்கும்போது, படிப்பதற்கு ஒரு மூலை கிடையாது; தனியாக இருந்து அழுவதற்கும் ஒரு மூலை கிடையாது. உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படிக்கத் தமிழ்ப் பாடசாலை தேடித் தூர இடத்துக்குப் போக வேண்டியிருக்கின்றது. காலை பஸ் தவறினால் அன்றைய பாடமும் தவறிவிடும். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கப் போகும் நேரத்தில்தான் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரியும் பாடசாலைப் பதிவில் வேறு மாதிரியும் இருப்பது தெரியவரும். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் யார் என்று நிரூபிக்க அலைவது சாதாரணப் பாரம் அல்ல. பிள்ளை தரம் எட்டில் படிக்கும்போதே பெற்றோர் அந்தக் கடதாசிகளைச் சரிபார்த்து வைத்தால் இந்த ஒரு பாரத்தையாவது முழுவதுமாக இறக்கிவிடலாம்.

தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீட்டில் மூத்த பெண்பிள்ளையே தாயாகிவிடுகின்றாள். தம்பி தங்கைக்குச் சமைத்து, துணி துவைத்து, அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கின்றாள். தகப்பன் குடித்துவிட்டு வரும் வீட்டில், மாலை ஆனதும் பிள்ளையின் காது வாசற்பக்கமே இருக்கும். படிப்பில் மனம் தங்காத பையனைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதா, மாணிக்கக் குழி வேலைக்கு அனுப்புவதா என்று அவன் காது கேட்கவே வீட்டில் பேச்சு நடக்கும்.

மலையும் மழையும் தந்த பயமும் உண்டு. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவில் தோட்ட மக்கள் பலியானார்கள். 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. இவற்றைக் கண்ட பிள்ளைகள், இரவில் பலத்த மழை பெய்தால் விழித்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவார்கள். காரணம் தெரியாதவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள்.

இவற்றுக்கு மேல் 2020 இல் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. சமிக்ஞை தேடி மலை உச்சிக்கு ஏறிப் பாடம் கேட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த 2022 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாதத்தில்தான் ஆரம்பமானது. எப்போது பரீட்சை, எப்போது பெறுபேறு என்று தெரியாமல் காத்திருப்பதே ஒரு நோய்தான்.

சுடுசொல்

இவ்வளவு பாரத்தையும் ஒரு பிள்ளை தாங்கிக்கொள்ளும். கடைசியில் அதைச் சாய்ப்பது பெரும்பாலும் நம் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லே.

கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் கதையை அடியார்கள் அறிவீர்கள். தகப்பனார் வேள்வி செய்து, இருப்பதை எல்லாம் தானம் கொடுக்கின்றார். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைக் கொடுப்பதைக் கண்ட மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகின்றீர்கள்?" என்று ஒரு தரம் அல்ல, மூன்று தரம் கேட்கின்றான். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்" என்றார். கோபத்தில் வந்த வார்த்தை. பிள்ளை அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு எமன் வாசலுக்கே போய்விட்டான். எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவுகள் அன்னம் தண்ணீர் இன்றிக் காத்திருந்தான்.

திரும்பி வந்த எமன் மூன்று வரங்கள் கேட்கச் சொன்னான். நசிகேதன் முதலில் கேட்ட வரம் எது? செல்வம் அல்ல. மரணத்தின் இரகசியத்தைக்கூட மூன்றாவதாகத்தான் கேட்டான். முதல் வரமாக, "என் தகப்பனாரின் கோபம் தணிய வேண்டும், நான் திரும்பிப் போகும்போது அவர் என்னை அன்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றே கேட்டான்.

"எங்கேயாவது போய்ச் செத்துத் தொலை" என்பது நம் லயங்களில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வார்த்தை. சொன்ன தாய் அரைமணி நேரத்தில் மறந்துவிட்டு, அதே பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். அன்று கொழுந்து நிறை வராமல் அரைப் பேர் விழுந்த ஆத்திரத்தை அவள் எங்கே கொட்டுவாள்? அது எனக்கும் விளங்குகின்றது. ஆனால் பிரேக் சரியாகப் பொருந்தாத வயதில் இருக்கும் பிள்ளை அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எமன் வாசல்வரை போன பிள்ளையும் தகப்பனின் அன்பையே முதலில் கேட்டது என்பதை ஒவ்வொரு தகப்பனும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒப்பிடுதல்

பழனித் தலத்தின் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். ஒரு மாங்கனி. உலகைச் சுற்றி வருபவருக்கு அது பரிசு. முருகப்பெருமான் மயிலேறி உலகை வலம்வந்தார். பிள்ளையார் தாய் தந்தையரை வலம்வந்தார். கனி பிள்ளையாருக்குக் கிடைத்தது. முருகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி மலையில் போய் நின்றார்.

இந்தக் கதையைப் பிள்ளையாரின் புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாகவே நாம் சொல்லி வருகின்றோம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முருகன் செய்ததில் என்ன குறை? சொன்னபடி உலகம் முழுவதையும் சுற்றித்தான் வந்தார். அண்ணனின் வழி ஒன்று, தம்பியின் வழி இன்னொன்று. கோபித்துப் போன மகனை அம்மையும் அப்பனும், "போனால் போகட்டும், பசித்தால் வருவான்" என்று விட்டுவிடவில்லை. மலைக்கே தேடிப் போனார்கள். "நீயே பழம் அல்லவா" என்று தேற்றினார்கள் என்பது தலவரலாறு. உலகத்துக்கே தாய் தந்தையானவர்கள் ஒரு பிள்ளையின் மனத்தாங்கலுக்காகப் படியேறிப் போயிருக்கின்றார்கள் என்றால், இஸ்தோப்பில் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நாம் போய் உட்காருவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை, ஒவ்வொரு பெறுபேறு வரும்போதும் "அவனுக்கு எத்தனை, உனக்கு எத்தனை" என்று கேட்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். சாதாரண தரத்தில் தவறினால் திரும்பவும் எழுதலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் தொழில் பழகலாம். பரீட்சை என்பது ஒரு வாசல்; அடைபட்டால் அடுத்த வாசல் உண்டு. பிள்ளையின் உயிர் அப்படியல்ல.

கண்ணன் கேட்ட விதம்

பகவத்கீதையின் முதலாம் அத்தியாயத்துக்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் துயரம். வில் கைநழுவுகின்றது, உடம்பு நடுங்குகின்றது, வாய் உலருகின்றது, தோல் எரிகின்றது என்று அர்ச்சுனன் சொல்பவை, பரீட்சை மண்டபத்தில் உட்காரும் பிள்ளையின் உடம்பில் நடப்பவைதான். அவன் தன் கலக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணன் இடைமறிக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் "இந்தத் தளர்ச்சி உனக்கு அழகல்ல, எழுந்திரு" என்று சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தான். அர்ச்சுனன் எழவில்லை. மீண்டும் தன் மனதைத் திறந்து, "எனக்கு வழி தெரியவில்லை, நீ சொல்" என்று அவனே கேட்ட பிறகுதான் உபதேசம் ஆரம்பமாகின்றது. கண்ணன் சொன்னாலும் "எழுந்திரு" என்ற ஒரு வார்த்தையில் துயரம் எழுந்துவிடுவதில்லை என்பதே இங்கு நாம் படிக்க வேண்டிய பாடம்.

அலுவலகத்தில் பல வருடம் மக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். கோபத்தோடு வருபவரை உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்டால், அன்று காரியம் முடியாவிட்டாலும் அமைதியாகப் போவார். பாதியில் மறித்துச் சட்டம் சொன்னால், காரியம் முடிந்தாலும் கோபத்தோடுதான் போவார். பிள்ளைகளும் அப்படியே. பிள்ளை பேசத் தொடங்கினால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று சொல்லாதீர்கள். "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று தொடங்காதீர்கள். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

திலகவதியார் உயிர் தரித்த வரலாறு

இனிச் சொல்லப்போவது மிக முக்கியமானது. பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் கூறும் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றின் தொடக்கம் அது.

திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குத் திலகவதியார் என்ற மகளும் மருள்நீக்கியார் என்ற மகனும் பிறந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசினார்கள். கலியாணத்துக்கு முன்பே அவர் போருக்குப் போக நேர்ந்தது. அதற்கிடையில் தகப்பனார் நோயுற்று இறந்தார். தாயாரும் அவரோடு போனார். பின்னாலேயே கலிப்பகையார் போரில் இறந்த செய்தியும் வந்தது. அந்தச் சிறுபெண், தானும் உயிரை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தார்.

அப்போது அவரைத் தடுத்தது யார்? ஊர்ப் பெரியவர் அல்ல, குரு அல்ல. சின்னத் தம்பி. அவர் அக்காவின் காலில் விழுந்து அழுதார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, உங்களைக் கும்பிட்டு வாழலாம் என்றுதான் நான் உயிரோடு இருக்கின்றேன். நீங்களும் போவதானால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்ற கருத்தில் சொன்னார். தம்பி வாழ வேண்டும் என்ற இரக்கத்தால் திலகவதியார் உயிர் தரித்தார். பின்னர் திருவதிகையில் திருவலகிட்டு, மெழுகிட்டு, மாலை கட்டித் தொண்டு செய்தார். வேறு சமயம் சென்ற தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்து ஆட்கொண்டவரும் அவரே. அன்று அந்தப் பெண் உயிரை விட்டிருந்தால், நமக்கு அப்பர் பெருமான் ஏது? தேவாரத்தில் அவர் பாடிய பதிகங்கள் ஏது?

அந்தத் தம்பி அக்காவைக் கோழை என்று ஏசவில்லை, சாத்திரம் சொல்லவில்லை. "எனக்கு நீங்கள் வேண்டும்" என்ற ஒன்றையே சொன்னார். உயிரின் விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

நம் நாட்டின் அனுபவமும் இதையே கூறுகின்றது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. பின்னர் அதிக நஞ்சுள்ள கிருமிநாசினிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இருபது வருடத்துக்குள் அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மக்களின் கவலைகள் அந்த இருபது வருடத்தில் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமல் போனது. அந்தக் கெட்ட நேரம் கடந்து போனது. உயிர் பிழைத்தது. அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது. அந்த நேரத்தைக் கடக்க ஒரு துணை இருந்தால் போதும். ஆகவே தோட்டத்து மருந்துகளையும், வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகளையும் பூட்டி வைப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நன்றாக இருந்த பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இன்றி, உணவு இன்றி, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கி இருந்தால் கவனியுங்கள். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று பாடசாலைக்குப் போக மறுத்தால், கையைக் கீறிக்கொண்டால், ஆசையாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கின்றாயா?" என்று நேரடியாகவே, அன்பாகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதலே வரும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பெண்பிள்ளை மௌனமானால் பேய் பிடித்தது என்றும், செய்வினை என்றும் கோடாங்கியிடம் ஓடுவது நம்மிடையே உண்டு. நூல் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பாளிடம் வாருங்கள், திருநீறு போடுங்கள், அர்ச்சனை செய்யுங்கள். அதே கிழமையில் வைத்தியரிடமும் அழைத்துப் போங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது அம்பாள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. மனதுக்கும் அப்படித்தான். இரத்தினபுரி, கேகாலை பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். வீட்டிலோ வெளியிலோ பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கின்றது. மனம் சோர்ந்தவர்களுக்குச் செவிகொடுக்கவென்றே சுமித்ரயோ என்ற அமைப்பு 1974 முதல் இந்நாட்டில் சேவை செய்து வருகின்றது. உயிருக்கு ஆபத்தென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். உயிரை மாய்க்க முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

தம்பிமாரே, தங்கைமாரே

இம்மலரைப் புரட்டும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பத்துத் தரம் செய்தால் படபடப்புக் குறையும். நம் பெரியவர்கள் பிராணாயாமம் என்று சொன்னது இதைத்தான். பீலியில் குளியுங்கள், பந்து விளையாடுங்கள், நடந்து போங்கள். உடம்பு அசைந்தால் மனமும் இளகும். பெரிய பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் படியுங்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்திருக்காதீர்கள். தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். மது, போதை என்று வருபவன் நண்பன் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனதில் இருப்பதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தியிடம், மாமாவிடம், அப்பாயியிடம், வகுப்பு ஆசிரியரிடம். ஒருவர் கேட்கவில்லையா, அடுத்தவரிடம் சொல்லுங்கள். உங்கள் கூட்டாளி சாவைப் பற்றிப் பேசினால் அதை இரகசியமாக வைத்திருக்காதீர்கள். உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். கூட்டாளி கோபித்தாலும் பரவாயில்லை. கோபம் தீர்ந்துவிடும்.

ஆலயம் செய்யக்கூடியது

பரிபாலன சபையினருக்கும் அடியார்களுக்கும் எனது தாழ்மையான வேண்டுகோள்கள் மூன்று. க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் நடைபெறும் நாட்களில் ஆலய ஒலிபெருக்கியைப் பூசை நேரத்திலும் மண்டபத்துக்குள் கேட்கும் அளவில் மட்டும் வைப்போம். மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் மின்விளக்குகளை அணைக்காமல், லயத்துக் காம்பிராவில் இடமில்லாத பிள்ளைகள் இரவு ஒன்பது மணிவரை இருந்து படிக்க விடுவோம். துணைக்குப் பெரியவர்கள் இருவர் முறைவைத்து இருப்போம். தேர் இழுக்கவும் தோரணம் கட்டவும் மட்டும் இளைஞர்களை அழைக்காமல், சபைக் கூட்டத்திலும் உட்காரவைத்து அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. மின்சாரக் கட்டணம் சிறிது கூடும். அதை ஓர் உபயமாக ஏற்க அடியார்கள் முன்வருவார்கள் என்பது என் நம்பிக்கை. விளக்கேற்றுவது புண்ணியம் என்கின்றோம். ஒரு பிள்ளை படிக்கும் விளக்கும் அம்பாள் சந்நிதி விளக்குத்தான்.

இன்று தேர் பார்த்து வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும். நாளையும் கேளுங்கள். அது சொல்லத் தொடங்கும் நாளில், பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அம்பாள் உங்களைக் கேட்பது போல.

சகல பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும் திடமான மனதையும் அருளும்படி அன்னை முத்துமாரியைப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

சுபம்.

தர்மகர்த்தா,
ஆலய பரிபாலன சபை
(ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)